உங்களுக்குத் தெரியுமா? – கழுகுக்கும் கால் வளையம்!

● எண் பொறித்த அலுமினிய வளையத்தைப் பறவையின் காலில் மாட்டி ஆராயும் முறையை 1899இல் தொடங்கிவைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டென்சன். இவர் ஒரு பள்ளி ஆசிரியர்! இன்றும் பல இடங்களில் இந்தப் பணிக்குத் தோள் கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களே.

● சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே உள்ள குன்றுகளில், இலையுதிர் காலத்தில் பருந்துகளும் வல்லூறுகளும் குவியும். அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கத் தயங்கி, அவை கரையோரமாகவே வந்து சேர்வதுதான் காரணம். அங்கே அவற்றை எண்ணுவதும், பிடித்து வளையமிட்டுப் பறக்கவிடுவதும் பயிற்சி பெற்ற நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள்.

● அமெரிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ‘பால்-சத்ரி’ என்ற பொறி, இந்தியாவில் வல்லூறு பிடிப்பவர்களிடமிருந்து போனது. கம்பிக் கூண்டுக்குள் எலி இருக்கும். கூண்டின் மேலெல்லாம் சுருக்குகள். பாயும் பருந்தின் விரல்கள் சிக்கிக்கொள்ளும். எலி பத்திரமாக இருக்கும். அன்று குதிரைமுடிச் சுருக்கு, இன்று நைலான் சுருக்கு.

● சிறிய வல்லூறுக்குச் சாதாரண வளையம் போதும். கழுகோ அதை அலகால் நெம்பிக் கழற்றிவிடும். அதனால் கழுகின் வளையத்துக்கு ரிவெட் அடிக்கிறார்கள்!

● இரைகொல்லிப் பறவைகளில் பெரும்பாலும் பெண்தான் பெரியது. ஆகவே ஒரே இனத்திலேயே ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு வேறு அளவு வளையம் தேவைப்படுவதுண்டு.

● சிறு பருந்தை எடைபோட, உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் நீள டப்பாவே போதும். தலைகீழாக உள்ளே நுழைத்தால், இருட்டில் பறவை அடங்கிவிடும்.

● வட அமெரிக்காவின் சா-வெட் ஆந்தை பெரும்பாலும் 100 கிராம்கூட இருக்காது. ஆண் ஆந்தையின் குரலை ஒலிபரப்பி, இரவில் வலைக்கு வரவழைக்கிறார்கள். சிறகின் அடிப்பக்கத்தில் புற ஊதா ஒளியைக் காட்டினால் புதிய இறகுகள் இளஞ்சிவப்பாக ஒளிரும், பழையவை மங்கித் தெரியும். அதை வைத்து வயதைக் கணிக்கிறார்கள்.

● கனடாவில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற சார்லஸ் புரோலி, 1939இல் ஃபுளோரிடாவில் வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையமிடத் தொடங்கினார். அறுபதை நெருங்கும் வயதில் கயிற்றேணி போட்டு மரமேறி, ஏறக்குறைய பத்தே ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு வளையமிட்டார். ஃபுளோரிடாவில் பிறந்த கழுகுகள் கோடையில் கனடா வரை போகின்றன என்பது அந்த வளையங்களால் தெரியவந்தது. 1940களின் இறுதியிலிருந்து கூடுகளில் குஞ்சுகள் குறைந்துகொண்டே போயின. டிடிடி பூச்சிக்கொல்லிதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகித்து எச்சரித்தார். அமெரிக்காவில் டிடிடிக்குத் தடை வந்தது 1972இல்; அவர் 1959லேயே காலமாகிவிட்டார்.

● 1977இல் நியூயார்க் மாநிலத்தில் வளையமிடப்பட்ட ஒரு வெண்தலைக் கழுகு, 2015இல் அதே மாநிலத்தில் வாகனம் மோதி இறந்து கிடந்தது. அதற்கு 38 வயது என்று காட்டிக்கொடுத்தது காலிலிருந்த வளையம்தான்!

● உரிமம் இல்லாமல் யாரும் பறவைக்கு வளையமிடக் கூடாது. ஆனால் வளையத்தைக் கண்டு தகவல் சொல்ல உரிமம் வேண்டாம். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிடுகிறது. வளையம் உள்ள பறவையைக் கண்டால் எண், இடம், தேதி மூன்றையும் குறித்து அவர்களுக்கு எழுதுங்கள். உயிருள்ள பறவையின் வளையத்தை மட்டும் கழற்றிவிடாதீர்கள்!