டெபியன் வழங்கலில் கட்டற்றவை அல்லாத மென்பொருள்கள்: விலக்கலும் இடமளித்தலும்

முன்னுரை

கட்டற்ற மென்பொருள்களால் மட்டுமே அமைந்த இயங்குதளம் ஒன்றைக் கணினியில் நிறுவும் பயனர், தாம் நாள்தோறும் பயன்படுத்திவந்த மென்பொருள்கள் சில அதில் இடம்பெறாமையை விரைவில் உணர்வார். இதனைத் தொழில்நுட்பக் குறைபாடு எனக் கொள்வோர் பலர். உண்மையில் இது பெரிதும் உரிமம் சார்ந்த சிக்கலாகும். விலையின்றிக் கிடைப்பது வேறு. பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிப்பது வேறு. பின்னதே கட்டற்ற மென்பொருள் எனப்படும். இவ்வுரிமைகளை மறுக்கும் ஒரு மென்பொருளை மக்கள் பெரிதும் நாடும்போது, கட்டற்ற வழங்கல் ஒன்று அதனை எவ்வாறு கையாளுவது? 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இவ்வினாவைத் தொடக்கம் முதலே எதிர்கொண்டு வருகிறது. உபுண்டு உள்ளிட்ட பல வழங்கல்களுக்கு அடித்தளமாக விளங்குவதாலும், முதன்மையான கொள்கை முடிவுகளை உறுப்பினர் வாக்கெடுப்பின் வழி எடுத்து ஆவணப்படுத்துவதாலும் அது இவ்வாய்வுக்கு ஏற்ற சான்றாகிறது.

ஒப்பந்தமும் களஞ்சியப் பகுப்பும்

1997 ஜூலையில் ஏற்கப்பட்ட டெபியன் சமூக ஒப்பந்தம் இரண்டு உறுதிமொழிகளை ஒருங்கே தருகிறது. டெபியன் முழுமையும் கட்டற்றதாகவே இருக்கும் என்பது ஒன்று. பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே முன்னுரிமை பெறுவர் என்பது மற்றொன்று. பயனர் கேட்பது கட்டற்றதாக இல்லாதபோது இவ்விரண்டும் முரண்படுகின்றன. ஒப்பந்தத்தின் ஐந்தாம் கூறு இம்முரணை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. அதன்படி களஞ்சியம் ‘மெயின்’, ‘கான்ட்ரிப்’, ‘நான்-ஃப்ரீ’ எனப் பகுக்கப்பட்டது. முதற்பகுதி மட்டுமே டெபியன். ஏனையவை டெபியனின் வழங்கிகளில் இருப்பினும் டெபியனைச் சாரா.

இப்பகுப்பு அளவுகோலை எவருக்காகவும் தளர்த்தியதில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே வெளியிட்ட ஈமாக்ஸ் கையேடு, திருத்தக் கூடாத பகுதிகளைக் கொண்டிருப்பதால் ‘நான்-ஃப்ரீ’ பகுதியில் வைக்கப்பட்டுள்ளது. மறுபுறம், அப்பகுதியைப் பேணிவருவதையே காரணங்களுள் ஒன்றாகக் கொண்டு அவ்வறக்கட்டளை தன் பரிந்துரைப் பட்டியலில் டெபியனைச் சேர்ப்பதில்லை. 2004இல் ‘நான்-ஃப்ரீ’ பகுதியைக் கைவிடலாமா என்னும் வினா வாக்கெடுப்புக்கு வந்தபோது, தொடர்ந்து பேணுவதென்றே உறுப்பினர்கள் முடிவு செய்தனர்.

மறுவழங்கல் தடுக்கப்படும் இடம்

‘நான்-ஃப்ரீ’ பகுதியில் இடம்பெறவும் ஒரு குறைந்த அளவு உரிமை வேண்டும். மென்பொருளைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்க உரிமம் இடந்தர வேண்டும். அதுவும் இல்லாதபோது கைகொடுப்பது ‘கான்ட்ரிப்’. தாம் கட்டற்றவையாயினும் கட்டற்றவை அல்லாதவற்றைச் சார்ந்து இயங்கும் பொதிகளுக்கு உரியது இப்பகுதி. அடோபி ஃபிளாஷ் பொதி இதற்குத் தக்க சான்று. அதனுள் ஃபிளாஷ் இல்லை. அடோபியின் தளத்திலிருந்து அதனைத் தரவிறக்கி நிறுவும் சிறு நிரலே இருந்தது. பெறுபவர் பயனர், தருபவர் அடோபி, டெபியன் வழிகாட்டி மட்டுமே.

இவ்வழியின் விலையைப் பயனரே செலுத்த நேர்ந்தது. இயங்குதளத்தை வழக்கம்போல் மேம்படுத்தினாலும் ஃபிளாஷ் மேம்படவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வெளிவந்ததும் அதற்குரிய தனிக் கட்டளையைப் பயனர் நினைவில் வைத்து இயக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புக் குறைகளுக்குப் பெயர்பெற்ற ஒரு மென்பொருளுக்கு இந்நிலை சிறிய இடரன்று. மாற்றாக எழுந்த க்னாஷ் முழு ஒத்தியல்பை எட்டவில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அடோபியே ஃபிளாஷைக் கைவிட்டபோதுதான் சிக்கல் நீங்கியது.

ஜாவாவின் வரலாறு வேறுவகையானது. சன் நிறுவனம் 2006இல் வழங்கல்களுக்கென அளித்த தனி உரிமத்தின்கீழ் ஜாவா ‘நான்-ஃப்ரீ’ பகுதியில் சேர்ந்தது. 2011இல் ஆரக்கிள் அவ்வுரிமத்தை நிறுத்தவே, புதிய திருத்தங்களை வழங்கும் வழி அடைபட்டது. அதற்குள் ஓப்பன்ஜேடிகே என்னும் கட்டற்ற வடிவம் முதிர்ந்திருந்ததால் பெரும்பாலோர்க்கு இழப்பு நேரவில்லை. பிறர் தரும் இசைவை நம்பி நிற்கும் பொதி எவ்வளவு நிலையற்றது என்பதை இந்நிகழ்வு காட்டிற்று.

எழுத்துருக்களும் தமிழ் ஆவணங்களும்

தமிழ் ஆய்வாளர்க்கு இச்சிக்கல் நேராக எதிர்ப்படும் இடம் எழுத்துரு. மைக்ரோசாஃப்டின் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் முதலானவற்றைத் தரவிறக்கும் பொதி ஒன்று ‘கான்ட்ரிப்’ பகுதியில் உள்ளது. ஆயினும் விண்டோஸுடன் வரும் தமிழ் எழுத்துருவாகிய லதா அத்தொகுதியில் இல்லை. ஆகவே அப்பொதியை நிறுவுவதால் தமிழ் ஆவணத்துக்குப் பயனில்லை. ரெட் ஹேட் 2007இல் வெளியிட்ட லிபரேஷன் எழுத்துருக்கள் ஏரியல் முதலியவற்றின் எழுத்தகலத்தை அவ்வாறே பின்பற்றுவதால் ஆங்கிலப் பக்க அமைப்பு குலைவதில்லை. அவற்றிலும் தமிழ் வரிவடிவங்கள் இல்லை. லதாவில் தட்டச்சான ஆய்வேடு டெபியனில் லோகித் அல்லது நோட்டோ எழுத்துருவில் திறக்கும்போது பக்க எண்கள் இடம்பெயரக்கூடும். பக்க எண்ணைச் சுட்டும் சொல்லடைவும் பொருளடக்கமும் அதனால் பிழைபடும். தொடக்கத்திலேயே ஆய்வேட்டைக் கட்டற்ற எழுத்துருவில் அமைப்பது இதனைத் தவிர்க்கும். லோகித், நோட்டோ இரண்டும் விண்டோஸிலும் தடையின்றி நிறுவத்தக்கவை.

ஃபர்ம்வேரும் 2022 வாக்கெடுப்பும்

மேற்கண்டவை இன்றியும் கணினி இயங்கும். கம்பியில்லா இணைய அட்டை, வரைகலை அட்டை முதலியவற்றுள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் அத்தகையதன்று. 2011இல் வெளிவந்த டெபியன் 6.0, கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்களைக் கருநிரலிலிருந்து முற்றிலும் பிரித்தது. கொள்கை நோக்கில் இது நிறைவே. எனினும் கம்பி இணைப்புக்கான வாயில் இல்லாத மடிக்கணினிகள் பெருகப் பெருக, இணையம் பெற ஃபர்ம்வேரும் ஃபர்ம்வேர் பெற இணையமும் தேவைப்பட்டன. ஃபர்ம்வேர் சேர்த்த நிறுவல் வட்டுப் படிமங்களை டெபியனே அணியப்படுத்தியது. ஆனால் அவற்றை அதிகாரப்பூர்வமற்றவை எனக் குறித்து எளிதில் தென்படாத இடத்தில் வைத்தது. புதிய பயனர் பலர் அவற்றைக் காணாமலே திரும்பினர். ஒலிச் சில்லுக்கும் ஃபர்ம்வேர் தேவைப்படும் கணினிகளில், திரையைப் பேச்சொலியால் அறியும் பார்வையற்றோர் அதிகாரப்பூர்வ நிறுவியைப் பயன்படுத்தவே இயலவில்லை.

ஸ்டீவ் மெக்கின்டயர் 2022 ஏப்ரலில் இக்குறைகளை எடுத்துரைத்ததை அடுத்து வாக்கெடுப்பு நடைபெற்றது. சமூக ஒப்பந்தத்தைத் திருத்துவதற்கு மூன்றுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மை வேண்டும். அது கிட்டியது, அக்டோபரில் ஒப்பந்தத்தின் ஐந்தாம் கூற்றில், அதிகாரப்பூர்வ ஊடகங்கள் தேவையான ஃபர்ம்வேரைக் கொண்டிருக்கலாம் என்னும் வரி சேர்ந்தது. 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த டெபியன் 12இல் ஃபர்ம்வேருக்கெனத் தனிப் பகுதி உருவாயிற்று. இத்தனிப் பகுதியே இத்தீர்வின் நுட்பம். இணைய அட்டைக்காக ‘நான்-ஃப்ரீ’ முழுவதையும் திறந்துவிட வேண்டிய கட்டாயம் பயனர்க்கு இனி இல்லை. வேண்டாதவர் நிறுவியின் தொடக்கத்திலேயே ஃபர்ம்வேரைத் தடுக்கலாம்.

இம்முடிவு கொள்கைத் தளர்ச்சி என்னும் குற்றச்சாட்டு எழுவது இயல்பே. ஆயினும் அதே நிரல் சாதனத்தின் சில்லிலேயே மாறாமல் பதிந்திருந்தால் எந்த வழங்கலும் அதனை வினவுவதில்லை; வட்டிலிருந்து ஏற்றப்படும்போது மட்டும் அது விலக்கப்படுகிறது. விலக்குவதால் சாதனம் கட்டற்றதாவதில்லை; பயனர் டெபியனை அடையாமற்போவதே நிகழ்கிறது.

புறவழிகள்

இக்காலத்தில் தனியுரிமச் செயலிகள் பல, நிறுவனங்களின் சொந்தக் களஞ்சியங்கள் வழியாகவோ ஃபிளாட்ஹப் வழியாகவோ வருகின்றன. முன்னதில் எச்சரிக்கை தேவை. வெளியார் தரும் பொதியின் நிறுவல் நிரல்கள் கணினியின் முழு அதிகாரத்துடன் இயங்குவன. அக்களஞ்சியம் டெபியனின் பொதிகளையும் மாற்றீடு செய்யக்கூடும். ஃபிளாட்ஹப் செயலிகள் ஓரளவேனும் தனி எல்லைக்குள் இயங்குகின்றன. உரிமத்தின் தன்மையும் அங்கே குறிக்கப்படுகிறது.

தம் கணினியில் கட்டற்றவை அல்லாத பொதிகள் எவை என அறிய விரும்புவோர்க்கு டெபியனிலேயே ஒரு கருவி உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மனின் பெயர்ச்சுருக்கத்தை விளையாட்டாகத் தாங்கி ‘விஆர்எம்எஸ்’ என்று நெடுங்காலம் வழங்கிய அது, ‘நான்-ஃப்ரீ’, ‘கான்ட்ரிப்’ பகுதிகளிலிருந்து நிறுவப்பட்டவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். எதனையும் நீக்குவதில்லை.