வென்னப்புவையில் யார் உயரம்?

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் போகும் வழியில், புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இருக்கிறது வென்னப்புவ. தென்னையும் மீன்பிடியும் எல்லோரும் அறிந்தவை. ஜோசப் வாஸ் கல்லூரியின் கூடைப்பந்தாட்டமும் அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

பாடசாலை அணியை மதிப்பிடுவது லேசில்லை. கழக அணி நல்ல ஆட்டக்காரரைப் பல வருடம் வைத்துக்கொள்ளும். பாடசாலையிலோ உயர்தரப் பரீட்சை முடிந்ததும் உயரமான பெடியன் போய்விடுவான். அதனால் போன வருடக் கிண்ணத்தைக் காட்டி இந்த வருடத்துக்கு ஆரூடம் சொல்வது வீண்வேலை. வளையம் எல்லோருக்கும் ஒரே 3.05 மீற்றர்தான், உயரம் குறைந்த அணி பந்தை வேகமாகக் கைமாற்றிப் பழகவேண்டும். பயிற்சியில் எட்டிப் பார்த்தால், களைத்துப்போன பிறகு பெடியன்கள் எறியும் ‘ஃப்ரீ த்ரோ’வைக் கவனியுங்கள். நான்காவது கால்பகுதி எப்படிப் போகும் என்பது அதிலேயே தெரியும்.

கிழக்கிலும் இதே பைத்தியம் உண்டு. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்து பழக்கியவர்களில் ஒருவர், 1990 ஆகஸ்டில் காணாமல்போன அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட்.