வடிகுழாயின் வளைவைக் காப்போம்

ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ள ஏற்காட்டில் ஈரம் எளிதில் உலர்வதில்லை. இருபருவ மழையும் சேர்வராயன் மலையை நனைக்கின்றன; மழையற்ற நாள்களிலும் மூடுபனி வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. இத்தகைய ஊரில், சமையலறை சிங்க்கின் அடியில் சொட்டும் நீரைச் சிறு குறையென்று நாம் விட்டுவிடலாகாது. மர அலமாரி உப்பிவிடும். சுவரில் பூஞ்சை படரும். கீழே வைத்த வாளியைக் கவனியாது விட்டால் கொசு பெருகும்.

ஒழுக்கை நிறுத்தும் அவசரத்தில் சிலர் அடியிலுள்ள வளைகுழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, நேர்க்குழாய் ஒன்றைச் சாக்கடைக்குச் செலுத்திவிடுகின்றனர். ஒழுக்கைவிட இதுவே பெருந்தீங்கு. நாம் ஒவ்வொரு முறை பாத்திரம் கழுவும்போதும் அவ்வளைவில் சிறிது நீர் தங்குகிறது. அந்நீரே சாக்கடை வாயுவையும் கரப்பான் பூச்சியையும் தடுக்கும் கதவு. இலண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-இல் கழிப்பறைக்கென இத்தகைய வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அருமையை 2003-இல் ஹாங்காங் உணர்ந்தது. ஆமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோரைச் சார்ஸ் நோய் பற்றியது. குளியலறைத் தரைவடிகால்களின் வளைவுகளில் நீர் வற்றியிருந்தது நோய் பரவ ஒரு வழியாயிற்று என ஆய்ந்தோர் கூறினர்.

ஆகவே வளைவைக் காத்துக்கொண்டே ஒழுக்கை அடைப்போம். முதலில் குழாய் முழுவதையும் துணியால் துடைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் செய்தித்தாள் துண்டைச் சுற்றி, தொட்டியை நிரப்பித் திறந்துவிட வேண்டும். முதலில் நனையும் தாள் ஒழுகும் இடத்தைக் காட்டிவிடும். பிளாஸ்டிக் நட்டு தளர்ந்திருந்தால் கையாலேயே இறுக்கலாம்; வலிந்து முறுக்கினால் மரை தேய்ந்துவிடும், நட்டும் விரிந்துவிடும்.

அதற்கும் நிற்காவிடில், அடியில் வாளி வைத்து நட்டுகளைக் கழற்றி, வளைவில் படிந்த கசடைக் கழுவவேண்டும். வாஷர் தேய்ந்தோ வெடித்தோ இருந்தால் அதையே கடைக்கு எடுத்துச் சென்று, அதே அளவில் புதியது வாங்குவது நலம். வாஷரின் கூம்பிய பக்கம் இணைப்பின் உள்நோக்கி இருத்தல் வேண்டும். இங்கு நீரைத் தடுப்பது வாஷரே; மரையில் வெள்ளை டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினும் பயனில்லை. எம்-சீல் பூசினால் சிலகாலம் நிற்கலாம். ஆனால் மறுமுறை கழற்ற இயலாது. குழாயே வெடித்திருந்தால் மாற்றுவதே வழி. அடைப்பு நீக்கும் காரத்தூளை ஊற்றிய குழாயை உடனே கழற்றலாகாது. கண்ணும் கையும் வெந்துபோகும்.

பழுது வருமுன் காப்பது எளிது. காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த நம் ஊரில் காப்பிச் சக்கையைத் தொட்டியில் கொட்டும் வழக்கம் உண்டு. அது எண்ணெய்ப் பிசுக்குடன் சேர்ந்து வளைவை அடைக்கும். செடியின் வேரிலிட்டால் உரமாகும். கோடையில் மட்டும் திறக்கப்படும் வீடுகளில் வளைவு நீர் வற்றிவிடும். அவ்வீடுகளைப் பார்த்துக்கொள்வோர் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு செம்பு நீர் ஊற்றுவது நன்று.

வளர்ந்த பிள்ளைகளை அருகிருத்தி இவ்வேலையைக் கற்பிப்போம். மகனுக்கும் மகளுக்கும் இது வாழ்நாள் முழுதும் உதவும்.