போனில் சாஃப்ட்வேரை மாற்றினால் வாரண்டி போய்விடுமா?



நம் மாங்காடு பகுதியில் பல வீடுகளில் இன்று ஒரே ஒரு போன்தான் முழுக் குடும்பத்துக்கும். வெளிநாட்டில் இருக்கும் அத்தாவோடு பேசுவது, பிள்ளைகளின் பாடம், கேஸ் புக்கிங், கடைக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அதில்தான். அந்தப் போனையும் பெரும்பாலும் மாதத் தவணையில் வாங்கியிருப்போம். தவணை முடியும் முன்பே போன் கெட்டு, “சாஃப்ட்வேரை மாற்றியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது” என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பினால் வீட்டுக் கணக்கே ஆட்டம் கண்டுவிடும். அது சரியா? நமக்கு என்ன உரிமை இருக்கிறது? சமுதாயக் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியதை இங்கே தருகிறோம்.

சுருக்கமான பதில் இதுதான்: சாஃப்ட்வேரை மாற்றியதற்கும் ஏற்பட்ட கோளாறுக்கும் தொடர்பு இல்லையென்றால் நம் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தைப் பெற அலையும் சுமை நம் தலையில்தான் விழும்.

எது மாற்றம், எது மாற்றம் இல்லை?

கம்பெனி அனுப்பும் அப்டேட்டைப் போடுவது மாற்றம் அல்ல. பிளே ஸ்டோரிலிருந்து ஆப் ஏற்றுவது, எழுத்து வடிவத்தையோ முகப்புப் படத்தையோ மாற்றுவது, ரீசெட் செய்வது இவையும் அல்ல. இவற்றைக் காரணம் காட்டி வாரண்டியை மறுத்தால் ஏற்க வேண்டியதில்லை.

வாரண்டியைப் பாதிக்கக்கூடியவை வேறு. போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் சிறிய மென்பொருளுக்கு பூட்லோடர் என்று பெயர். கம்பெனியின் சாஃப்ட்வேர்தானா என்று பார்த்து உள்ளே விடும் காவலாளி அது. அந்தப் பூட்டைத் திறப்பது ஒன்று. ‘ரூட்’ செய்வது, அதாவது போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொள்வது இரண்டாவது. கம்பெனியின் சாஃப்ட்வேரை அகற்றிவிட்டு வேறொன்றை ஏற்றுவது மூன்றாவது. இளைஞர்கள் ‘கஸ்டம் ராம்’ என்பது இதைத்தான். ஐபோனில் இதுபோன்ற வேலைக்கு ‘ஜெயில்பிரேக்’ என்று பெயர்.

இன்னொரு வகை நமக்குத் தெரியாமலே நடக்கும். போன் ஹேங் ஆகிறது என்று தெருமுனைக் கடையில் கொடுக்கிறோம். “சாஃப்ட்வேர் அடிச்சுத் தர்றேன்” என்று வாங்கிக்கொள்கிறார்கள். ஏற்றியது கம்பெனியின் சாஃப்ட்வேரா, எங்கிருந்தோ இறக்கியதா என்று நாம் கேட்பதில்லை. வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரான போன்களிலும் சில, விற்பவர் கையிலேயே சாஃப்ட்வேர் மாற்றப்பட்டுத்தான் நம்மிடம் வருகின்றன.

கம்பெனிகளின் நிலை

எல்லாக் கம்பெனியும் ஒன்றுபோல் இல்லை. அனுமதியின்றி மாற்றப்பட்ட போனுக்குச் சர்வீஸ் மறுக்கலாம் என்று ஆப்பிள் எழுதி வைத்திருக்கிறது. மோட்டோரோலாவில் பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்கும்போதே, வாரண்டி போவதற்குச் சம்மதிக்கும்படி வரும். மாறாக, 2018-ல் போகோ எஃப்1 இந்தியாவில் வந்தபோது, பூட்டைத் திறந்தாலும் வாரண்டி போகாது என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. எனவே நண்பரின் போனுக்கு நடந்தது நம் போனுக்கும் நடக்கும் என்று நம்பக் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் வாரண்டி கார்டைத்தான் படிக்க வேண்டும்.

“பழைய சாஃப்ட்வேரையே திரும்ப ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?” என்று பிள்ளைகள் கேட்கலாம். தெரியும். சாம்சங் போன்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத சாஃப்ட்வேர் ஏறியதும் உள்ளே ஒரு நுண்ணிய மின் ஃப்யூஸ் எரிந்து, 0 என்றிருந்த குறியீடு 1 ஆகிவிடும். பிறகு என்ன செய்தாலும் அது 0 ஆகாது. சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகளும் அந்தப் போனில் நிரந்தரமாக நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

“ரூட் செய்தால் வாரண்டி போகாது, சட்டமே இருக்கிறது” என்று வீடியோக்களில் சொல்வார்கள். பெரும்பாலும் அது அமெரிக்கச் சட்டம். அங்கே 1975-ல் வந்த வாரண்டிச் சட்டப்படி, தன் பாகத்தையும் தன் சர்வீசையும் மட்டுமே காசு கொடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு வாரண்டியைக் கட்டிப்போடக் கூடாது. அது நம் ஊர் ஆணையத்தில் செல்லாது.

நம் நாட்டில் போன் சாஃப்ட்வேருக்கென்று அப்படித் தனிச்சட்டம் இல்லை. ஆனால் வழிகாட்டும் ஓர் உத்தரவு உண்டு. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்ததற்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அதில் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அது கார்களுக்கான உத்தரவு, போனுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் நாம் எடுத்துவைக்கும் வாதம் அதே நியாயம்தான்: எது எதைக் கெடுத்தது என்று பாருங்கள்.

இதைப் போனில் பொருத்திப் பார்ப்போம். சாஃப்ட்வேர் மாற்றிய போனில் வால்யூம் பட்டன் கழன்று வருகிறது என்றால், சாஃப்ட்வேருக்கும் பட்டனுக்கும் சம்பந்தமில்லை. அங்கே நம் வாதம் வலுவானது. புதிய சாஃப்ட்வேரை ஏற்றும்போதே போன் செத்துவிட்டது என்றால், கம்பெனியிடம் கேட்க நமக்கு முகம் இல்லை. நடுவில் இருப்பவைதான் சிக்கல். சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டும் மாற்றம் ஸ்பீக்கரைக் கெடுக்கும். பிராசஸரை அதிக வேகத்தில் ஓட்டும் மாற்றம் போனைச் சூடாக்கி பேட்டரியைக் கெடுக்கும். இங்கே கம்பெனி மறுத்தால் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருளில் குறை இருந்தால் புகார் செய்யும் உரிமையை அது தருகிறது. பரிசோதனை தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவு, பாதிப்பு ஏற்பட்ட நேரத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் பொருளால் விளைந்த தீங்குக்காக விற்றவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது. மாற்றிய போன் வெடித்தால் கடைக்காரரைப் பிடிக்க முடியாது என்று புரிந்துகொள்ளலாம்.

வாரண்டியைவிடப் பெரிய இழப்புகள்

பூட்லோடரைத் திறக்கும்போது போனில் உள்ள அனைத்தும் அழியும். நிக்காஹ் போட்டோக்கள், மவுத்தானவர்களின் குரல் பதிவுகள் எல்லாம் போய்விடும். ரூட் செய்த போனில் பல வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் திறக்க மறுக்கும். திறந்தாலும் ஆபத்து நீங்காது. கெட்ட ஆப் ஒன்றுக்கு முழு அதிகாரம் கிடைத்தால் ஓடிபியைப் படிக்க அதற்கு வழி கிடைத்துவிடும்.

ஐஎம்இஐ எண் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். போனில் *#06# என்று அழுத்தினால் வரும் எண் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். சரியாகச் செய்யாத சாஃப்ட்வேர் வேலையில் இது அழிந்துபோவதுண்டு. வேண்டுமென்றே இதை மாற்றுவது குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். “எண்ணை மாற்றித் தருகிறோம்” என்பவரிடம் நம் பிள்ளைகள் போகவே கூடாது.

சர்வீஸ் சென்டர் மறுத்தால் என்ன செய்வது?

1. போனைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட் வாங்குங்கள். நீங்கள் சொன்ன கோளாறு அதில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

2. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. சாஃப்ட்வேர் மாற்றம் இந்தக் கோளாறை எப்படி உண்டாக்கியது என்று கேளுங்கள்.

3. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு இமெயில் அனுப்பி, பில், வாரண்டி கார்டு, ஜாப் ஷீட் மூன்றையும் இணையுங்கள்.

4. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

5. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மாங்காட்டுக்காரர்களுக்கு அது காஞ்சிபுரம் மாவட்டம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இதில் ஒன்றை மறக்க வேண்டாம். சாஃப்ட்வேரை மாற்றியிருந்தால் சர்வீஸ் சென்டரில் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால் ஆய்வில் வெளிப்படும், நியாயமான கோரிக்கையும் சேர்ந்து கெடும். மாற்றிய போனை அடுத்தவருக்கு விற்கும்போதும் சொல்லித்தான் விற்க வேண்டும். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் கூடாது என்பது நாம் அறிந்ததே.

பெற்றோருக்கு எங்கள் ஆலோசனை: கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஆனால் வாரண்டி முடிந்த, பேங்க் ஆப் இல்லாத பழைய போன் ஒன்றை அதற்குக் கொடுங்கள். தவணை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுப் போனில் கை வைக்க விடாதீர்கள். தெருமுனைக் கடையில் கொடுப்பதற்கு முன் வாரண்டி தேதியைப் பாருங்கள். அது பாக்கி இருந்தால் நேராக கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே எடுத்துச் செல்லுங்கள்.

புகார் எழுத உதவி தேவைப்படும் குடும்பத்தார் பில்லுடனும் ஜாப் ஷீட்டுடனும் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். இன்ஷா அல்லாஹ், எழுதித் தர உதவுகிறோம்.