எஞ்சினுக்கும் மூச்சுண்டு

தமிழ் கற்பிப்பவனுக்கு மோட்டார் எஞ்சினில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் வண்டியே எனக்கு இப்பாடத்தைக் கற்பித்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையிலிருந்து எண்ணெய் சொட்டத் தொடங்கியது; கிளச்சு வழுக்கியது. மேல்மூடியின் அடைப்பை இருமுறை மாற்றியும் அங்கும் கசிவு நிற்கவில்லை. திருத்தகம் ஒன்றிற் காட்டியபோது, எஞ்சினை இறக்கிப் பிரிக்கவேண்டும் என்றனர். அச்செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தை விஞ்சியது. வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட எண்ணினேன். உண்மைக் குறை எதுவென்று கூறுமுன், எஞ்சினுக்குள் நிகழ்வதை விளக்குதல் தகும்.

உருளையினுள் பெற்றோலும் வளியும் எரிய, எழும் அழுத்தம் பிஸ்ரனைக் கீழே தள்ளுகின்றது. பிஸ்ரனைச் சுற்றி வளையங்கள் இருப்பினும், புதிய எஞ்சினிலுங்கூட வாயுவின் சிறுபகுதி அவற்றைக் கடந்து, கிறாங்குத் தண்டு சுழலும் கீழறையினுட் புகும். அவ்வாயுவில் எரியாத பெற்றோல் ஆவி, நீராவி, புகைக்கரி, அமிலம் விளைக்கும் பொருள்கள் ஆகியன உள. அவை வெளியேறாவிடின் இரு தீங்குகள் நேரும். எண்ணெய் கெட்டுக் கருஞ்சேறாகும். அழுத்தம் பெருகி, பொருத்துகளின் விளிம்பெங்கும் எண்ணெயை வெளியே தள்ளும்.

பழைய வண்டிகளிற் கீழறையிலிருந்து ஒரு குழாய் நிலத்தை நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது குழாய்வாயைக் கடக்கும் காற்று உள்ளிருக்கும் ஆவியை இழுக்கும். வண்டி நின்றால் இழுப்பும் நிற்கும். வெளியேறும் ஆவியோ ஊர்க்காற்றைக் கெடுக்கும். லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டம், ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதால் உண்டாவது என்று ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் அறிஞர் 1950களின் தொடக்கத்திற் காட்டினார். 1961இல் கலிபோர்னியா மாநிலம், கீழறை ஆவியை எஞ்சினுக்கே திருப்பி எரிக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. மோட்டார் வாயுக்களைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் விதிக்கப்பட்ட முதற்சாதனம் இதுவேயாம்.

இப்புதிய அமைப்பில், வளி வடிகட்டி வழியே தூய வளி கீழறைக்குட் செல்லும். ஆவியோடு கலந்து, ஒரு வால்வின் ஊடாக உள்ளெடுப்புக் குழாயை அடையும். எஞ்சின் மெதுவாக ஓடுங்கால் அங்கு இழுப்பு மிகுதி. அப்போது வால்வு வழியைச் சுருக்கும். சுமையேறும்போது இழுப்புக் குறையும், வாயு பெருகும், வால்வும் அகலத் திறக்கும்.

இனி நோயறியும் முறை. எஞ்சினைச் சூடேற்றி, மெதுவாக ஓடவிட்டு, வால்வைக் குழாயுடன் கழற்றி அதன் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். விசிறியையும் வாரையும் நெருங்காதீர்கள். வலிய இழுப்புத் தெரிந்தால் வழி திறந்திருக்கின்றது. தெரியாவிடின் வால்வோ குழாயோ அடைபட்டுளது. எஞ்சினை நிறுத்தி வால்வைக் குலுக்கினால், உள்ளே ஊசியுடைய வகையிற் கலகல என்னும் ஒலி கேட்கவேண்டும். வால்வு திறந்தபடியே இறுகினாலும் குழாய் வெடித்தாலும் மிகை வளி புகுந்து எஞ்சின் தடுமாறும். வளி வடிகட்டியில் எண்ணெய் ஈரம் காணப்படின் அதுவும் அடைப்பின் அறிகுறியாகலாம். எண்ணெய் மூடியின் அடியில் வெண்மஞ்சட் பசை படிந்தால், சூடேறுமுன் நிறுத்தப்படும் குறும்பயணங்களே பெரும்பாலும் காரணம். எனினும் றேடியேற்றர் நீரும் குறைந்துவந்தால் தலைமூடியின் அடைப்பை ஐயுறவேண்டும்.

யாவும் துப்புரவாக இருந்தும் கீழறை அழுத்தம் தணியாவிடின், உருளைகளின் அழுத்தத்தை அளப்பிக்கவேண்டும். குறைந்த உருளையிற் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அளவு உயருமாயின், வளையங்களோ உருளைச் சுவரோ தேய்ந்துளன. அப்போதுதான் எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு எழலாம்.

என் வண்டிக்கு வருவோம். மேல்மூடியிலிருந்து வளி வடிகட்டிக்குச் செல்லும் இறப்பர்க் குழாய் முதுமையால் ஊதி, உட்சுவர் ஒட்டிக் கிடந்தது. நிலத்தை நோக்கிய குழாயின் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது! கூட்டை அகற்றி, குழாயின் உட்சேற்றை மண்ணெண்ணெயாற் கழுவி உலர்த்தி, எண்ணெய்க்குத் தாங்கும் புதிய இறப்பர்க் குழாய் பூட்டினேன். சில வாரங்களிற் சொட்டு நின்றது. கிளச்சின் வழுக்கலும் நீங்கியது. எஞ்சின் பிரிக்கப்படவில்லை.

என்னை வருத்தியது வேறொன்று. நான் இக்கல்லூரியில் மாணவனாயிருந்த 1990களில், யாழ்ப்பாணத்திற் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சிறிது பெற்றோலால் எஞ்சினை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச்செய்யும். ஆதலால் தந்தையார் இயன்றபோதெல்லாம் எண்ணெயை மாற்றுவார்; அக்குழாயையும் ஒரு கம்பியாற் குத்தித் துடைப்பார். விளக்குப் பிடித்து நின்ற நான் ஏன் என்று ஒருநாளும் கேட்டிலேன். அவர் மறைந்தபின் வண்டியைக் கழுவினேன், வர்ணம் பூசினேன். அந்தக் கம்பியைத் தொடவில்லை.

எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாய்களைக் கழற்றிப் பாருங்கள். வெடித்தனவும் ஊதினவும் மாற்றத்தக்கன. வால்வை வண்டிக் கையேடு கூறும் காலத்தில், அவ்வெஞ்சினுக்கு உரியதையே வாங்கி மாற்றுங்கள். ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் நோயின் முதற்காரணத்தைத் தேடச் சொல்வதை வகுப்பிற் பல்லாண்டு கற்பித்தவன் நான். என் வண்டியின் கசிவுக்கோ அடைப்பை மட்டும் இருமுறை மாற்றினேன். மாணவ நண்பர்களே, மூத்தோர் செய்யும் வேலைக்கு விளக்குப் பிடிக்க நேரின், அதன் காரணத்தையும் அப்போதே கேட்டு வையுங்கள்.