சுவரில் துளையிடுமுன்...

புதிய இறாக்கை பொருத்தத் துளையிட்டபோது சுவருக்குள் இருந்த தண்ணீர்க் குழாய் உடைந்து, அடுக்கியிருந்த துணிகள் நனைந்த அனுபவம் எனக்குண்டு. பாஸுக்குக் கொடுத்த கூலியைவிட நட்டம் பல மடங்கு.

கொங்கிரீட் சுவருக்குள் மின் வயர், தண்ணீர்க் குழாய், இரும்புக் கம்பி மூன்றும் மறைந்திருக்கலாம். சுவிட்ச், பிளக், தண்ணீர்ப் பைப் உள்ள இடங்களுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளையிடாதீர்கள். வயரும் குழாயும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டிலேயே செல்லும்.

உலோகம் காட்டும் கருவி கம்பியைக் காட்டும். பீவீசீ குழாயைக் காட்டாது. ஆகவே கருவியை மட்டும் நம்பாமல் கட்டட வரைபடத்தையும் பாருங்கள். வாடகைக் கடையாயின் உரிமையாளரிடம் கேளுங்கள்.

அப்பகுதி மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் வால்வை மூடி, பற்றரி ட்ரில்லால் முதலில் சிறு துளையிடுங்கள். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயிரைப் பறிக்கப் போதுமானது. அலகு இரும்பில் முட்டினால் அழுத்தாமல் நிறுத்தி, துளையைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். தூணிலும் பீமிலும் கம்பியை வெட்டினால் கட்டடத்தின் பலமே குறையும். அங்கு பொறியியலாளரைக் கேளாமல் கைவைக்க வேண்டாம்.

அரை மணி நேரச் சோதனை, கடையையும் சரக்கையும் ஆளையும் காக்கும்.