வைக்கோலில் ஒளிந்திருக்கும் பால்

திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகும் பஸ்ஸில் ரேணிகுண்டா தாண்டினால் ஏர்பேடு. இப்போது அந்த ஊர் என்றால் எல்லோருக்கும் ஐஐடி, ஐசர் வளாகங்கள்தான் நினைவுக்கு வரும். என் கண் போவது வைக்கோல் போர் மீது. தமிழில் வைக்கோல், தெலுங்கில் வரிகட்டி. இரண்டு மொழியும் புழங்கும் அந்த வட்டாரத்தில் மாடு இரண்டையும் ஒரே ருசியோடுதான் மெல்லும்.

சுவர்ணமுகி பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆறு. ஏரியையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நம்பித்தான் நெல் போடுகிறார்கள். நெல் மூட்டை லாரி ஏறிவிடும். அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த தாள் களத்திலேயே நின்றுவிடும். ஒரு டன் நெல்லுக்கு ஏறக்குறைய ஒரு டன் வைக்கோல். பாசன ஊரில் கறவைமாடு தரும் பெரிய லாபம், ஏற்கெனவே இறைத்த தண்ணீருக்கு இரண்டாவது வரவு.

வைக்கோலின் பெரும்பகுதியான நார்ப்பொருளை நம்மால் செரிக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், பசுவாலும் முடியாது! நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகின்றன. அவற்றில் அசிட்டிக் அமிலம், பாலின் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள். பால் சென்டரில் விலையைத் தீர்மானிப்பவற்றில் அந்தக் கொழுப்பும் ஒன்று. நுண்ணுயிர்களும் பிறகு அடுத்தடுத்த அறைகளுக்குள் தள்ளப்பட்டு, தாங்களே பசுவுக்குப் புரதமாகிவிடுகின்றன.

ஆனால் வெறும் வைக்கோலைப் போட்டுக் கறக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான். அதில் புரதம் மூன்று, நான்கு சதவீதமே. நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். ஏர்பேடு அடங்கிய பழைய சித்தூர்ச் சீமைக்கு இங்கே ஒரு யோகம் உண்டு: நிலக்கடலை. வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து வளர்வதால், கடலைக்கொடியில் வைக்கோலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் புரதம். கொடி கிடைக்காதவர்கள் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைக்கலாம். அளவு மீறினால் மாட்டுக்கு விஷம்.

நெல் பணம் அறுவடைக்கு ஒருமுறை. பால் பணம் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மளிகைக்கடைப் பாக்கி தீர்வது இரண்டாவதில்தான். சாணம் வயலுக்குத் திரும்பும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பசும்புல்லுக்காகவே புதிதாக ஆழ்குழாய்க் கிணறு போட்டு, பத்து மாடு கட்டுவது வேறு கணக்கு. அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. என் கணக்கு இருக்கிற வைக்கோலிலிருந்துதான்: 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு நாளுக்கு ஐந்து கிலோ வைக்கோல் என்றால், வருடத்துக்கு 1,800 கிலோ சொச்சம். நன்றாக விளைந்த ஒரு ஏக்கர் நெல் ஒரே போகத்தில் அதைக் கொடுத்துவிடும்.